எதிரிக்கு வெச்சாச்சு செக்!

உங்க எதிரி யாருன்னு கேட்டா யாரைக் கை காட்டுவீங்க? மெஸ்ஸில் கடைசிப் பூரியை லபக்கென்று அமுக்குகிற ரூம்மேட்டையா, ஃபைனல்ஸில் நம்மை மண்ணைக் கவ்வ வைத்த பக்கத்து டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீமையா, இல்லே காலங்காத்தால எட்டரை மணிக்கு அடிக்கிற முதல் பெல்லையா?

யாரா வேணா இருக்கட்டும். இந்த வாரம் 'வார்த்தை வேட்டை'யில் மாட்டியிருப்பது அந்த எதிரிதான். எதிரி, போர், ஆயுதம், துரோகம் என்று ஆங்கிலத்தில் நாம படிச்ச வார்த்தைகளுக்கெல்லாம் செக் மொழியில் என்ன சொல்றாங்கன்னு பார்க்கப் போறோம்.

"ஏம்ப்பா, பிரெஞ்ச் இருக்கு, ஜெர்மன் இருக்கு. போயும் போயும் செக்கா?"ன்னு நீங்க முனகுறது கேக்குது. காரணம் இருக்கு பாஸ். ஐரோப்பாவின் நட்ட நடுவில், ஒரு கோடிப் பேருக்குக் கொஞ்சம் மேலே பேசுகிற மொழி இது. ஆனா ஆங்கில அகராதியின் சண்டைப் பக்கங்களைப் புரட்டினால், அங்கேயிருந்து வந்த வார்த்தைகள் வரிசையா நிக்குது. போதாக்குறைக்கு, போன நூற்றாண்டில் அந்த ஊர்க்காரங்க ரெண்டு தடவை அந்நிய ராணுவம் தெருவில் நடந்து போறதைப் பார்த்தவங்க. எதிரிங்கற வார்த்தையோட எடை அவங்களுக்குத் தெரியும்.

நண்பனுக்கு முன்னால் ஒரு 'நெ'

முதல் வார்த்தை: எனிமி. செக்கில் 'நெப்ர்ஷீட்டெல்'.

நாக்கு சுளுக்கிடுச்சா? நமக்கு 'ழ' மாதிரி அவங்களுக்கு ஒரு எழுத்து இருக்கு. 'ர'வையும் 'ஷ'வையும் ஒரே மூச்சில் சேர்த்துச் சொல்லணும். அந்த ஊர்க் குழந்தைகளே கடைசியாகக் கற்றுக்கொள்கிற சத்தம் அது. 'வாளப்பளம்' என்று சொல்லும் நம்ம ஊர் வாண்டுகளை நினைச்சுக்கிட்டு மனசைத் தேத்திக்கோங்க.

விஷயம் உச்சரிப்பில் இல்லை. 'ப்ர்ஷீட்டெல்' என்றால் நண்பன். 'நெ' என்றால் இல்லை. ஸோ, எதிரின்னா 'நண்பன் இல்லை'. அவ்வளவுதான். எதிரிக்குன்னு தனியா ஒரு வார்த்தை செஞ்சு கஷ்டப்படலை. நண்பனை எடுத்து, முன்னாடி ஒரே ஒரு எழுத்தை ஒட்டிட்டாங்க.

ஆங்கிலத்தில் மட்டும் என்ன வாழுதாம்? எனிமிங்கறது பழைய பிரெஞ்ச் வழியா லத்தீனிலிருந்து வந்தது. மூல வார்த்தை 'இனிமிகுஸ்'. அதைப் பிரிச்சா 'இன்' அதாவது இல்லை, 'அமிகுஸ்' அதாவது நண்பன். அதே ஃபார்முலா!

சரி, தமிழுக்கு வாங்க. பழைய நிகண்டுகளில் பகைவனுக்கு இருக்கிற பெயர்களை வரிசையாப் பாருங்க. ஒன்னார், ஒட்டார், கூடார், நண்ணார். அதாவது ஒன்று சேராதவர், ஒட்டாதவர், கூடாதவர், கிட்டே வராதவர். எல்லாமே 'இல்லை' போட்டுச் செஞ்ச வார்த்தைகள். லத்தீன்காரரும் செக்காரரும் நம்ம புலவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பார்த்து எழுதினாங்களா என்ன? இல்லை. மூணு பேருக்கும் தனித்தனியா ஒரே விஷயம் தோணியிருக்கு. சேர்ந்து இருப்பதுதான் இயல்பு, அது நடக்காமப் போறதுக்குப் பேர்தான் பகை.

கூடவே இன்னொரு வார்த்தையையும் பார்த்துடுவோம். செக்கில் ஜெர்மன்காரருக்குப் பெயர் 'ன்யெமெட்ஸ்'. இது 'ன்யெமீ' என்ற சொல்லிலிருந்து வந்தது என்பதுதான் மொழியியலாளர்கள் பரவலாகச் சொல்லும் விளக்கம். அதற்கு அர்த்தம், ஊமை. ஜெர்மன்காரர் ஊமையா? வண்டி வண்டியாப் பேசுவார். ஆனா அவர் பேசறது இவங்களுக்குப் புரியலை. நமக்குப் புரியாததைப் பேசறவன் ஊமை! இந்த வார்த்தையைக் கொஞ்சம் ஞாபகத்தில் வெச்சுக்கோங்க, பின்னாடி தேவைப்படும்.

ரைவல் வேற, எனிமி வேற

போட்டியாளருக்கு ஆங்கிலத்தில் ரைவல். இதுவும் லத்தீன்தான். 'ரிவுஸ்' என்றால் ஓடை. ஒரே ஓடையில் தண்ணி எடுக்கிற ரெண்டு பேர்தான் ரைவல்ஸ். காவிரியைப் பற்றிப் பேசியே வளர்ந்த நமக்கு இதுக்கு விளக்கவுரை எல்லாம் வேண்டாம்.

செக்கில் இதற்கு 'சோவ்பெர்ஷ்'. 'சோவ்' என்றால் கூட. மீதியில் இருப்பது வழக்கு, வாக்குவாதம். ஆக, கூட நின்னு வழக்காடுறவர். கால்பந்து மேட்ச் என்றால் எதிர் டீமுக்கு இந்த வார்த்தைதான். நெப்ர்ஷீட்டெல் என்று சொல்ல மாட்டாங்க. ஸோ, பக்கத்து டிபார்ட்மென்ட் கிரிக்கெட் டீம் சோவ்பெர்ஷ் மட்டுமே. கேன்டீனில் சேர்ந்து டீ குடிக்கலாம், தப்பில்லை.

அடுத்து பேட்டில். லத்தீனில் 'பட்டுவெரே', அதாவது அடிப்பது. செக்கில் 'பிட்வா'. அது 'பீட்' என்ற வினையிலிருந்து வந்தது. அதுக்கும் அர்த்தம் அடிப்பதுதான். தமிழில் இருக்கவே இருக்கு, 'அடிதடி'. மூணும் ஒரே ரகம்.

வார் என்ற ஆங்கிலச் சொல்லின் வேரோ வேற மாதிரி. பழைய ஜெர்மானிய மொழியில் அதுக்குக் குழப்பம், தாறுமாறு என்று அர்த்தம். தெளிவா ஆரம்பிக்கிற போர்கூடக் கடைசியில் அங்கேதான் போய் நிக்கும்னு அப்பவே தெரிஞ்சிருக்கு போல! செக்கில் போருக்கு 'வால்கா'.

ஆங்கிலத்துக்குக் கடன் கொடுத்தவங்க

கார்கில் போர் நடந்த 1999-ல் போஃபர்ஸ் பீரங்கி பற்றி எல்லாப் பேப்பரிலும் வந்தது. அது ஹோவிட்சர் ரகம். குண்டை உயரமா வளைச்சு எறிந்து, மலைக்குப் பின்னாடி ஒளிந்திருப்பவரையும் அடிக்கிற ரகம். ஃபர்ஸ்ட் இயரில் எறிபொருள் இயக்கம் என்று கண்ணைக் கட்டி விட்டாங்களே, அதேதான்.

அந்த ஹோவிட்சர் செக் வார்த்தை! அங்கே 'ஹோவ்ஃப்னிட்ஸெ'. 'ஹோவ்ஃப்' என்றால் கும்பல். கும்பலைப் பார்த்துச் சுடுகிற பீரங்கி. 1419-லிருந்து 1434 வரை நடந்த ஹுஸைட் போர்களில் பிரபலமானது. அந்தப் பக்கத்துத் தளபதி யான் ஜிஷ்காவுக்கு முதலில் ஒரு கண்தான். 1421-ல் மற்றக் கண்ணும் போனது. அப்புறமும் படையை நடத்தினார். குடியானவர்களின் வண்டிகளைச் சங்கிலியால் கோத்துக் கோட்டை மாதிரி நிறுத்தி, கவசம் போட்ட குதிரை வீரர்களைத் திணறடித்தவர். அவங்க பீரங்கியின் பெயர் ஜெர்மன், டச்சு வழியா நடந்து ஆங்கிலத்துக்கு வந்து சேர்ந்தது.

பிஸ்டலும் அங்கேயிருந்துதான் கிளம்பியது என்பது பல அகராதிகளின் கட்சி. செக்கில் 'பீஷ்ட்யலா' என்றால் ஊதுகுழல். குழாய் மாதிரி இருந்த கைத்துப்பாக்கிக்கு அந்தப் பெயர். இத்தாலியில் இருக்கிற பிஸ்டோயா ஊரின் பெயரிலிருந்து வந்தது என்று சொல்லும் எதிர்க்கட்சியும் உண்டு.

ரெண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் படையும் இந்தியப் படையும் தூக்கிச் சுமந்த பிரென் துப்பாக்கி? 'ப்ர்னோ' என்ற செக் நகரத்தின் முதல் ரெண்டு எழுத்து, 'என்ஃபீல்ட்' என்ற ஆங்கில ஊரின் முதல் ரெண்டு எழுத்து. செம்டெக்ஸ் வெடிமருந்து? 'செம்டீன்' என்ற ஊர்ப் பெயரோடு வெடிமருந்தைச் சேர்த்தது. அதே பெயரில் அங்கே ஒரு எனர்ஜி டிரிங்க்கும் வந்தது. குடிச்சா எப்படி இருக்கும்னு நீங்களே கற்பனை பண்ணிக்கோங்க.

இன்னொன்றைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. டிஃபெனஸ்ட்ரேஷன். ஒருத்தரை ஜன்னல் வழியாத் தூக்கி வெளியே போடுவதற்கு ஆங்கிலத்தில் இப்படி ஒரு தனி வார்த்தை இருக்கு. வேர் லத்தீன், ஆனா புகழ் பெற்றது ப்ராக் நகரத்தால். 1618 மே 23 அன்று ப்ராக் கோட்டையில் புராட்டஸ்டன்ட் பிரபுக்கள் சேர்ந்து, கத்தோலிக்கப் பேரரசரின் ஆளுநர்கள் ரெண்டு பேரையும் கூடவே ஒரு செயலாளரையும் ஜன்னல் வழியா வீசிட்டாங்க. சுமார் 20 மீட்டர் உயரம். நம்ம சமன்பாட்டைப் போட்டுப் பாருங்க. ரெண்டே செகண்ட், தரையைத் தொடும்போது மணிக்கு 70 கிலோமீட்டர் வேகம்!

ஆனா மூணு பேரும் பிழைச்சுட்டாங்க. "மாதா தாங்கிப் பிடித்தார்" என்றது கத்தோலிக்கர் தரப்பு. "கீழே குப்பைமேடு இருந்தது" என்றது புராட்டஸ்டன்ட் தரப்பு. விழுந்தது ஒண்ணுதான், கதை ரெண்டு. அந்தச் செயலாளருக்குப் பிற்பாடு பிரபுப் பட்டம் கிடைத்தது. பட்டத்தின் பெயர் என்ன தெரியுமா? 'உயர்வீழ்ச்சி'! சிரிப்பு இத்தோடு முடிஞ்சுது. அந்த ஜன்னலில் ஆரம்பித்த போர் 1648 வரைக்கும் முப்பது வருஷம் ஐரோப்பாவைச் சுடுகாடாக்கியது.

வெட்டி ஆபீஸர் ரோபோ

மெக்கானிக்கல் படிக்கிற பையன் ரோபோவை விட்டுட்டுப் போனா டிபார்ட்மென்டில் சேர்த்துக்க மாட்டாங்க. காரெல் சாப்பெக் என்ற செக் எழுத்தாளர் 1920-ல் 'ஆர்.யு.ஆர்.' என்று ஒரு நாடகம் எழுதினார். அதில் வரும் செயற்கை வேலையாட்களுக்கு என்ன பெயர் வைப்பதென்று யோசித்தபோது 'ரோபோட்' என்று எடுத்துக் கொடுத்தவர் அவருடைய அண்ணன் யோசெஃப். ஓவியர்.

'ரோபோட்டா' என்றால் பண்ணையாருக்குக் கூலி வாங்காமல் கட்டாயமாகச் செய்து கொடுக்கிற உழைப்பு. 1848-ல்தான் அதை அங்கே ஒழித்தார்கள். நம்ம சோழர் காலக் கல்வெட்டுகளில் இதே கட்டாய உழைப்புக்கு 'வெட்டி' என்று பெயர். ஆக, ரோபோவை அசல் தமிழில் மொழிபெயர்த்தா 'வெட்டி ஆபீஸர்'!

நாடகத்தில் நடப்பது வெட்டி வேலை இல்லை. மனுஷங்க ரோபோக்களின் கையில் துப்பாக்கியைக் கொடுக்கிறாங்க. அரசாங்கங்கள் அவற்றைச் சிப்பாய்களாக்கி மற்ற மனுஷங்க மேலே ஏவுகின்றன. அப்புறம் ரோபோக்கள் திரும்பி நிற்கின்றன. எதிரி எங்கேயோ இருந்து குதிக்கவில்லை, தொழிற்சாலையில் நாமே செய்து, ஆயுதமும் கொடுத்து அனுப்பியது. டிரோன்களும் செயற்கை நுண்ணறிவும் போர்க்களத்துக்கு வந்துவிட்ட இன்றைக்கு, நூறு வருஷத்துக்கு மேல் பழசான அந்த நாடகம் கொஞ்சம் வயித்தைக் கலக்குது.

அகராதி பொய் சொல்லும்போது

இதுவரைக்கும் ஜாலியாப் போச்சு. இனி வரும் ரெண்டு வார்த்தைகளைக் கொஞ்சம் மெதுவாப் படிங்க.

முதல் வார்த்தை: துரோகம். செக்கில் 'ஸ்ராடா'. 1938 செப்டம்பர் கடைசியில் ஜெர்மனி, இத்தாலி, பிரிட்டன், பிரான்ஸ் நான்கும் மியூனிக்கில் கூடி, செக்கோஸ்லோவாக்கியாவின் எல்லைப் பகுதிகளை ஹிட்லருக்குக் கொடுப்பதென்று கையெழுத்துப் போட்டன. செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அந்த மேசையில் நாற்காலியே போடவில்லை. இத்தனைக்கும் பிரான்ஸ் அவங்களோடு நட்பு ஒப்பந்தம் போட்ட நாடு. சில நாள் முன்புதான் பிரிட்டிஷ் பிரதமர் சேம்பர்லைன் ரேடியோவில் பேசும்போது, எங்கோ தூர தேசத்தில் நமக்கு எதுவுமே தெரியாத மக்களுக்குள் நடக்கும் சண்டை இது என்று சொல்லியிருந்தார். நமக்குத் தெரியாதவங்க. ஊமைங்க.

ஆங்கிலப் புத்தகங்களில் இதற்குப் பெயர் மியூனிக் ஒப்பந்தம். செக்கில் 'மியூனிக் துரோகம்' என்கிறார்கள். ஒரே காகிதம்தான். யார் கையில் இருக்கு என்பதைப் பொறுத்து வார்த்தை மாறுது. 1939 மார்ச் 15 அன்று ஜெர்மன் படை ப்ராக் நகருக்குள் வந்துவிட்டது. சாப்பெக் அதைப் பார்க்கவில்லை. 1938 கிறிஸ்துமஸ் அன்றே நிமோனியாவில் இறந்துபோனார், வயது 48. 'ரோபோட்' என்று பெயர் சொன்ன அண்ணன் யோசெஃப் கைதாகி, 1945-ல் பெர்கன்-பெல்சன் முகாமில் உயிரை விட்டார்.

ரெண்டாவது வார்த்தை: சகோதர உதவி. 'ப்ராட்டர்ஸ்கா பொமொட்ஸ்'. கேக்க எவ்வளவு நல்லா இருக்கு! 1968-ல் செக்கோஸ்லோவாக்கியாவில் டூப்செக் தலைமையில் பத்திரிகைத் தணிக்கையைத் தளர்த்தி, மக்களை வாய்விட்டுப் பேச அனுமதித்தார்கள். மாஸ்கோவுக்குப் பிடிக்கவில்லை. ஆகஸ்ட் 20 ராத்திரி சோவியத், போலந்து, ஹங்கேரி, பல்கேரியப் படைகள் டாங்கிகளோடு எல்லை தாண்டின. நட்பு நாடுகள்! 'ப்ர்ஷீட்டெல்'கள்! வந்ததற்குச் சொன்ன காரணம்தான் அந்தச் சகோதர உதவி.

ஜனங்க என்ன செஞ்சாங்க தெரியுமா? ஊர்ப் பெயர்ப் பலகைகளையும் தெருப் பலகைகளையும் கழற்றிப் போட்டாங்க. டாங்கிக்காரங்க வழி தெரியாமத் திணறினாங்க. சில இடங்களில் மிச்சம் வைத்தது மாஸ்கோவுக்கு வழி காட்டுகிற அம்பு மட்டும்.

இன்னொன்றும் நடந்தது. எனக்கு ரொம்பப் பிடித்தது அதுதான். அந்த ஊர்ப் பள்ளிகளில் ரஷ்ய மொழி கட்டாயப் பாடம். விருப்பப்பட்டுப் படிச்சவங்க கம்மி. ஆனா அந்த ஆகஸ்ட் காலையில், காலேஜ் பசங்களும் பொண்ணுங்களும் டாங்கி மேலே ஏறி, உள்ளேயிருந்து எட்டிப் பார்த்த சிப்பாய்களிடம் அந்த ரஷ்யனில் கேட்டாங்க. "ஏன் வந்தீங்க? இங்கே யாரைச் சுட வந்தீங்க?" சிப்பாய்களுக்கும் இருபது வயசுதான். எதிர்ப்புரட்சியை அடக்கப் போறோம் என்று சொல்லி அனுப்பியிருந்தாங்க. எதிரே நிக்கிறதோ கையில் புத்தகப் பையோடு தன் மொழியில் பேசுகிற ஒரு பொண்ணு. அந்த நிமிஷம் அங்கே ஊமை யாரும் இல்லை.

பேசினதால் டாங்கி திரும்பிப் போயிடலை. அந்தப் படையெடுப்பில் நூற்றுக்கும் மேற்பட்டவங்க செத்தாங்க. கடைசி சோவியத் சிப்பாய் வெளியேற 1991 ஆனது. ஆனா 'உதவி' என்ற பொய் அந்த முதல் நாளே, அந்தத் தெருவிலேயே அம்பலமானது.

வெறும் கை

நவம்பர் 17 சர்வதேச மாணவர் தினம். எத்தனை பேருக்குத் தெரியும்? 1939-ல் அதே நாளில் நாஜிகள் செக் பல்கலைக்கழகங்களை இழுத்து மூடி, மாணவர் தலைவர்கள் உள்பட 9 பேரைச் சுட்டுக் கொன்று, சுமார் 1,200 மாணவர்களை வதைமுகாமுக்கு அனுப்பினார்கள். அந்த நாள்தான் அது.

சரியாக 50 வருஷம் கழித்து, 1989 நவம்பர் 17 அன்று, அவங்க நினைவாக ப்ராக் மாணவர்கள் ஊர்வலம் போனாங்க. வழியை மறித்து நின்றது இந்த முறை அந்நிய ராணுவம் இல்லை. சொந்த ஊர் போலீஸ். அதே மொழி பேசுகிற போலீஸ். மாணவர்கள் ரோட்டில் உட்கார்ந்து, கேடயங்களில் பூச்செருகி, கையைத் தூக்கிக் காட்டி 'ஹோலே ருட்ஸெ' என்று கோஷம் போட்டாங்க. வெறும் கை! அடி விழுந்தது. நூற்றுக்கணக்கானவங்களுக்குக் காயம். மறுநாளே மாணவர்கள் ஸ்டிரைக், நாடகக் கொட்டகைகளும் கூடச் சேர்ந்தன. லட்சக்கணக்கில் கூடிய ஜனங்க, கையில் இருந்த வீட்டுச் சாவிக் கொத்தைக் குலுக்கிக் குலுக்கி ஆட்சிக்கு மணி அடித்தாங்க. டிசம்பர் 29 அன்று வாட்ஸ்லாவ் ஹாவெல் என்ற நாடக ஆசிரியர் ஜனாதிபதி ஆனார். அந்தப் புரட்சிக்கு அவங்க வைத்த பெயரில் ரத்தமும் இல்லை, நெருப்பும் இல்லை. 'சமெட்'. வெல்வெட் துணி! 1993 ஜனவரி 1 அன்று செக்கும் ஸ்லோவாக்கியாவும் ஒரு குண்டுகூடச் சுடாமல் பாகம் பிரித்துக்கொண்டன.

பாக்கெட்டில் போட்டுக்கோங்க

எனிமி – நெப்ர்ஷீட்டெல்
ஃப்ரெண்ட் – ப்ர்ஷீட்டெல்
ரைவல் – சோவ்பெர்ஷ்
வார் – வால்கா
பேட்டில் – பிட்வா
சோல்ஜர் – வோயாக்
ட்ரெச்சரி, அதாவது நம்ம துரோகம் – ஸ்ராடா
பீஸ் – மீர்
ட்ரூஸ் – ப்ர்ஷீம்ன்யெர்ஷீ

கடைசி வார்த்தையைப் பார்த்து மயக்கம் போட்டுடாதீங்க. போர் நிறுத்தம்னு அர்த்தம். நம்ம சுளுக்கு எழுத்து அதில் ரெண்டு தடவை வருது! பிரிச்சுப் பார்த்தா உள்ளே 'மீர்' இருக்கு, அமைதி. முன்னாடி இருக்கிற பகுதிக்குப் பக்கத்தில்னு அர்த்தம். ஆக, 'அமைதிக்குப் பக்கத்தில்'. இன்னும் வந்து சேரலை, ஆனா பக்கத்தில்தான். உச்சரிக்கக் கஷ்டமா இருக்கிறதில் ஆச்சரியமே இல்லை.

இந்த வாரம் உங்களுக்கு ஒரே ஒரு ஹோம்வொர்க். யாராவது வந்து "அவங்க நமக்கு எதிரி"ன்னு சொன்னா, அது பக்கத்து டிபார்ட்மென்டோ, பக்கத்து ஊரோ, பக்கத்து நாடோ, முன்னாடி அந்த 'நெ'வை ஒட்டினது யாருன்னு மட்டும் கேட்டுப் பாருங்க. நாமளா ஒட்டினோமா, இல்லே யாராவது ஒட்டிக் கையில் கொடுத்தாங்களா? முடிஞ்சா அவங்க பாஷையில் ரெண்டு வார்த்தையும் கத்துக்கோங்க. டாங்கி மேலே ஏறணும்னு எல்லாம் இல்லை, ஹாஸ்டல் மாடிப்படி ஏறினாலே போதும்.

போறதுக்கு முன்னாடி இன்னும் ஒரு வார்த்தை. செக் நண்பர்கள் சந்திச்சாலும் பிரிஞ்சாலும் சொல்வது 'அஹோய்'. கப்பல் மாலுமிகளின் கூப்பாடு அது. அந்த நாட்டுக்குக் கடலே கிடையாதுங்கறதுதான் காமெடி! மெரினாவை வெச்சிருக்கிற நாம சொல்லக் கூடாதா என்ன?

அடுத்த வாரம் வேற வார்த்தைகளோட வர்றேன். அஹோய், ஃப்ரெண்ட்ஸ்!